தரகரை ஒப்பிடுவது: ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரிலிருந்து தொடங்குங்கள்

அந்நியச் செலாவணி வணிகத்துக்கு ஆன்லைன் தரகரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட் எவ்வளவு, கட்டிய பணத்தைப்போல் எத்தனை மடங்குக்கு வணிகம் செய்ய லிவரேஜ் கிடைக்கும், சேர்ந்ததும் போனஸ் உண்டா. இந்த அத்தியாயத்தில் அந்த வரிசையை நான் ஏற்கப் போவதில்லை. ஸ்ப்ரெட் முக்கியம்தான், ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பாக நிற்பது எந்த நாட்டில் பதிவான எந்த நிறுவனம்? அது திவாலானாலோ, பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலோ எந்த நாட்டுச் சட்டத்திடம் போய் நீங்கள் முறையிட முடியும்? இதற்குப் பதில் கிடைக்காத தரகரிடம் ஸ்ப்ரெட் பூஜ்யமாகவே இருந்தாலும் எனக்குப் பயனில்லை.

விளம்பரத்தில் பார்க்கிற பெயர் ஒரு பிராண்ட். அதன் கீழே பல நிறுவனங்கள் இருக்கும்: லண்டனில் ஒன்று, சைப்ரஸில் ஒன்று, சிட்னியில் ஒன்று, செஷல்ஸ், பஹாமாஸ், வனுவாட்டு போன்ற தீவுகளில் ஒன்றோ இரண்டோ. இணையதளத்தின் முகப்பில் பிரிட்டிஷ் உரிமத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். ஆனால் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று நீங்கள் தேர்வு செய்த நொடியே உங்கள் கணக்கு தீவு நிறுவனத்துக்குப் போய்விடும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பத்தியையும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் படித்தால் அந்த நிறுவனத்தின் முழுப்பெயர் தெரிந்துவிடும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இனி நாம் ஒப்பிடப் போவது அந்தப் பெயரைத்தான்.

இந்தியாவில் வசிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தரகரிடம் யூரோ–டாலர் வாங்கி விற்கலாமா என்று கேட்டால் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடும்: கூடாது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் அங்கீகரிக்கப்பட்டவர்களிடம் மட்டுமே, அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்கு மட்டுமே, அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனை செய்யலாம். மின்னணு முறையில் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலோ, தேசியப் பங்குச் சந்தை, மும்பை பங்குச் சந்தை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோதான் செய்ய வேண்டும். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்று சிலர் வாதாடுவார்கள். அதற்கு வழிசெய்யும் ரிசர்வ் வங்கித் திட்டத்தில் படிப்புக்கு அனுப்பலாம், பயணத்துக்கு அனுப்பலாம், வெளிநாட்டுப் பங்கும் வாங்கலாம்; ஆனால் வெளிநாட்டுச் சந்தைக்கோ தரகருக்கோ மார்ஜின் எனப்படும் பிணைப் பணம் கட்ட அதில் இடமில்லை என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. மீறினால், தொகையைக் கணக்கிட முடிகிற இடத்தில் அதைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் வழி செய்கிறது.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. அங்கீகாரம் இல்லாத தளங்களின் பெயர்கள் அதில் இருந்தன. பின்னர் பல முறை பட்டியல் நீண்டது. ஐபிஎல் அணி ஒன்றின் விளம்பரதாரராக ஊரெல்லாம் அறிந்திருந்த தளமும் முதல் பட்டியலிலேயே இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒரு தளம் சட்டபூர்வமானது என்று ஆகிவிடாது என்பதையும் ரிசர்வ் வங்கி சேர்த்தே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்டவர்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான முறை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தத் தளங்கள் இந்தியாவிலிருந்து பணம் வாங்கும்போது, யாரோ ஒரு தனிநபர் பெயரிலோ சம்பந்தமில்லாத கடையின் பெயரிலோ இருக்கும் கணக்குக்கு யுபிஐ வழியே அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்கு எண் அடிக்கடி மாறும். பணம் திரும்பி வரும்போதும் அப்படியே யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வரும். அது வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், சைபர் குற்றப் பிரிவின் விசாரணையில் முடக்கப்படும் கணக்குகளில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். லாபம் வந்த பிறகும் சம்பளக் கணக்கைத் திறக்க முடியாமல் அலைய நேரும். ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

இந்தியாவில் சட்டபூர்வமாக இருக்கும் வழி, பங்குச் சந்தைகளின் கரன்சி பிரிவு. தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் 2008 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கியது. ஒரு லாட் 1,000 டாலர். பின்னர் யூரோ, பவுண்ட், யென் ஆகியவை ரூபாயுடன் சேர்ந்தன. 2018இல் யூரோ–டாலர் போன்ற ரூபாய் இல்லாத ஜோடிகளும் வந்தன. கணக்குத் தீர்ப்பு எல்லாம் ரூபாயில்தான், டாலர் கைக்கு வராது. ஆனால் 2024 ஜனவரி 5 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இந்தச் சந்தையின் போக்கையே மாற்றிவிட்டது. அந்த ஆண்டு மே 3இல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை என்றாலும், உண்மையான அந்நியச் செலாவணிப் பொறுப்பு ஒன்று உங்களுக்கு இருந்தாக வேண்டும். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து மூன்று மாதம் கழித்து டாலர் பெறப் போகிறவருக்கு அது இருக்கிறது. மாலையில் செல்பேசியில் விளையாட்டாக வாங்கி விற்க நினைப்பவருக்கு இல்லை.

ஆகவே திருப்பூர்க்காரர் போன்றவர்களுக்கு ஒப்பீடு சுருக்கமானது. செபியில் பதிவான தரகரா, கரன்சி பிரிவை இப்போதும் நடத்துகிறாரா, அடிப்படைப் பொறுப்பு உண்டு என்ற உறுதிமொழியை எப்படி வாங்குகிறார், ஆர்டருக்கு எவ்வளவு கட்டணம், ஒப்பந்த முடிவு நாள் நெருங்கும்போது மார்ஜின் எப்படி மாறும். இதோடு உங்கள் வங்கி ஃபார்வர்டு ஒப்பந்தத்துக்குச் சொல்லும் விலையையும் கேட்டுப் பாருங்கள். சிறிய தொகைக்குச் சந்தை மலிவாக இருக்கலாம். பெரிய தொகைக்கு, அதிலும் ஏற்றுமதிப் பில் வரும் தேதி உறுதியாகத் தெரிந்தால், வங்கியே வசதி.

லண்டனிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற நம்மவர்களின் நிலை வேறு. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் வசிப்பிடத்தைத் தீர்மானிப்பது கடவுச்சீட்டு அல்ல. எங்கே, எதற்காகத் தங்கியிருக்கிறீர்கள் என்பதுதான். வேலைக்காக வெளிநாடு போனவர் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு வணிகம் செய்யலாம். நிரந்தரமாக ஊர் திரும்பும்போது அந்தக் கணக்கை மூடிவிட்டு வருவதுதான் நல்லது. மீதி அத்தியாயம் முக்கியமாக இவர்களுக்கானது. எடுத்துக்காட்டுகளுக்கு லண்டனை எடுத்துக்கொள்கிறேன். உலகின் அந்நியச் செலாவணி வணிகத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. விதிகளும் அங்கே விரிவாக இருக்கின்றன.

உரிமத்தைச் சரிபார்க்கும் முறை

பிரிட்டனில் இந்தத் துறையைக் கண்காணிப்பது எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையம். அதன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். தரகர் தருகிற இணைப்பை அழுத்திப் போகாதீர்கள். பதிவேட்டின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். ஒப்பந்தத்தில் இருந்த முழுப்பெயரையும் நிறுவன எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பெயர் வந்துவிட்டதே என்று அங்கேயே நிற்க வேண்டாம். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் திருடி, ஓரெழுத்து மாறிய இணைய முகவரியில் கடை விரிக்கிற போலிகள் ஏராளம். பதிவேட்டில் உள்ள இணைய முகவரியும் தொலைபேசி எண்ணும் நீங்கள் பார்க்கும் தளத்தோடு பொருந்துகிறதா, வாடிக்கையாளர் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று இரண்டையும் பாருங்கள்.

சிங்கப்பூரில் இதே வேலையை எம்.ஏ.எஸ். செய்கிறது, அங்கே உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் தனித்தனியே உண்டு. கனடாவில் சி.ஐ.ஆர்.ஓ., ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ்.ஐ.சி., துபாய் நிதி மையத்தில் டி.எஃப்.எஸ்.ஏ. மலேசியாவில் விதி கடுமையானது: உரிமம் பெற்ற உள்நாட்டு வங்கிகளும் மத்திய வங்கி அனுமதித்தவர்களும் தவிர வேறு யாரிடமும் வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்பது குற்றம்.

செயின்ட் வின்சென்ட் தீவில் பதிவான தரகர்கள் நிறைய உண்டு. பதிவு என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்நியச் செலாவணித் தரகுக்குத் தான் உரிமம் தருவதே இல்லை என்று அந்தத் தீவின் நிதிச் சேவை ஆணையமே அறிவித்திருக்கிறது. அங்கே பதிவாகியிருப்பதற்கு, நிறுவனப் பெயர் ஒரு ஏட்டில் ஏறியிருக்கிறது என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை.

எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் நீங்கள் என்று சட்டெனக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. ஐரோப்பியச் சந்தை ஆணையமான எஸ்மா 2018 ஆகஸ்ட் 1 முதல் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு லிவரேஜை முக்கிய நாணய ஜோடிகளில் 30 மடங்காகவும் மற்ற ஜோடிகளில் 20 மடங்காகவும் குறைத்தது. போனஸையும் தடை செய்தது. 2019இல் எஃப்.சி.ஏ. அதையே நிரந்தர விதியாக்கியது. 2021 மார்ச்சில் ஆஸ்திரேலியா பின்தொடர்ந்தது. சிங்கப்பூரில் எல்லை 20 மடங்கு. ஆகவே உங்கள் திரையில் 500 மடங்கு என்றோ, கட்டிய பணத்துக்குச் சமமாக போனஸ் என்றோ தெரிந்தால், முகப்பில் எந்த நாட்டு முத்திரை இருந்தாலும் அந்த நாட்டின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒப்பந்தத்தைப் படிக்கக்கூடத் தேவையில்லை.

தரகர் விழுந்தால் உங்கள் பணம்

2015 ஜனவரி 15 காலையை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் 2011 செப்டம்பரிலிருந்து தாங்கிப் பிடித்திருந்த சுவிஸ் மத்திய வங்கி, முன்னறிவிப்பு இல்லாமல் கையை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோவின் விலை சரிந்தது. நடுவில் வாங்க ஆளே இல்லாததால் ஸ்டாப்–லாஸ் போட்டிருந்தவர்களின் ஆர்டர்களும் வெகு கீழே உள்ள விலையில்தான் நிறைவேறின. கணக்கில் இருந்த பணம் தீர்ந்து, அதற்கு மேலும் கடனாளி ஆனவர்கள் பலர். எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற பெரிய தரகரின் வாடிக்கையாளர்கள் கொடுக்க வேண்டியிருந்த தொகை மட்டும் 22.5 கோடி டாலர். லூகேடியா என்ற நிறுவனம் கொடுத்த 30 கோடி டாலர் கடனால்தான் அது பிழைத்தது. லண்டனின் அல்பாரி யூ.கே. சில நாட்களிலேயே திவாலானது. அப்போது வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சட்டையில் அல்பாரியின் பெயர்தான் இருந்தது. ஐபிஎல் ஆனாலும் ஆங்கிலக் கால்பந்து ஆனாலும், சட்டையில் பெயர் போடக் காசு இருக்கிறது என்பதிலிருந்து அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரிவதில்லை.

இதிலிருந்து ஒப்பிட வேண்டிய மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம். எஃப்.சி.ஏ., ஐரோப்பிய விதிகளில் இது கட்டாயம். தீவு நிறுவனங்கள் சில இதை விருப்பப்பட்டுத் தருவதாக எழுதியிருக்கும்; விருப்பப்பட்டுத் தந்ததை விருப்பப்பட்டு நிறுத்தவும் முடியும்.

இரண்டாவது, வாடிக்கையாளர் பணம் தரகரின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி. எல்லாத் தரகர்களும் இப்படித்தான் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் பி.எஃப்.ஜி.பெஸ்ட் என்ற தரகு நிறுவனமும் அப்படித்தான் சொன்னது. அதன் உரிமையாளர் ரசல் வாசன்டார்ஃப் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வங்கி அறிக்கைகளைத் தானே போலியாகத் தயாரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கண்காணிப்பு அமைப்பு வங்கிக்கு எழுதிய கடிதங்கள், அவரே வாங்கி வைத்திருந்த ஓர் அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. கடிதத்துக்குப் பதிலாக மின்னணு முறையில் வங்கியிடமே நேரடியாக உறுதிசெய்யும் வழக்கம் வந்த பிறகுதான், 2012 ஜூலையில், 20 கோடி டாலருக்கு மேல் காணவில்லை என்பது வெளியே வந்தது. அவருக்கு 50 ஆண்டுகள் சிறை. வாடிக்கையாளர்களோ மிஞ்சியதைப் பங்கு பிரிப்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதனால்தான் மூன்றாவது விஷயத்தை, அதாவது இழப்பீட்டுத் திட்டத்தை, நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பிரிட்டிஷ் நிறுவனம் திவாலாகி வாடிக்கையாளர் பணத்தில் குறை விழுந்தால் எஃப்.எஸ்.சி.எஸ். என்ற திட்டம் ஒருவருக்கு 85,000 பவுண்ட் வரை தரும். சைப்ரஸில் அது 20,000 யூரோ. கனடாவில் சி.ஐ.பி.எஃப். 10 லட்சம் கனடிய டாலர் வரை காக்கிறது. அமெரிக்காவில் கண்காணிப்பு கடுமைதான். ஆனால் சில்லறை அந்நியச் செலாவணிக் கணக்குகளுக்கு இப்படி ஒரு இழப்பீட்டுத் திட்டம் இல்லை. வணிகத்தில் நீங்களாக இழந்த பணத்தை எந்தத் திட்டமும் திருப்பித் தராது. தரகர் விழுந்து போன பணத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரே பிராண்டின் லண்டன் நிறுவனத்தில் கணக்கு வைத்தால் 85,000 பவுண்ட் வரை பாதுகாப்பு, செஷல்ஸ் நிறுவனத்தில் வைத்தால் எதுவும் இல்லை. வேறு எந்த வித்தியாசமும் இதற்கு ஈடாகாது.

தரகரின் வருமானம் எங்கிருந்து வருகிறது

தரகர் உங்கள் ஆர்டரை இரண்டு விதமாகக் கையாளலாம். வெளியே உள்ள வங்கிகளுக்கோ பெரிய விலை வழங்குநர்களுக்கோ கடத்திவிட்டுக் கமிஷனோ ஸ்ப்ரெட்டில் ஒரு பங்கோ எடுக்கலாம். அல்லது எதிர்ப்பக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் நஷ்டம் அவருக்கு லாபம். இரண்டாவது முறை சட்டவிரோதம் அல்ல. நல்ல கண்காணிப்பில் உள்ள பெரிய நிறுவனங்கள் பல அதை வெளிப்படையாகவே செய்கின்றன. எனக்குள்ள கவலை, செய்வதை மறைப்பவர்களைப் பற்றியது.

எஃப்.எக்ஸ்.சி.எம். கதையின் பிற்பகுதி இதற்குப் பாடம். தன்னிடம் டீலிங் டெஸ்க் இல்லை, வாடிக்கையாளருக்கு எதிராகத் தான் நிற்பதே இல்லை என்று அது விளம்பரம் செய்தது. ஆர்டர்களை எடுத்துக்கொண்ட விலை வழங்குநர்களில் முக்கியமான எஃபெக்ஸ் என்ற நிறுவனத்தில் அதற்கே பங்கு இருந்தது என்றும், அந்த நிறுவனத்தின் லாபத்தில் சுமார் 70 சதவீதம் தள்ளுபடி என்ற பெயரில் திரும்பி வந்தது என்றும் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான சி.எஃப்.டி.சி. கண்டறிந்தது. 2017 பிப்ரவரியில் 70 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் கடையை மூடினார்கள். விளம்பரச் சொல்லை நம்பாமல் ஆர்டர் நிறைவேற்றக் கொள்கை என்ற ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். எதிர்த்தரப்பு யார், விலை எங்கிருந்து வருகிறது, கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ஸ்லிப்பேஜ், உங்களுக்குச் சாதகமாக வரும்போது அந்த நல்ல விலையை உங்களுக்கே தருவார்களா என்று அதில் இருக்க வேண்டும்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஒவ்வொரு தரகரும் தன் சில்லறைக் கணக்குகளில் எத்தனை சதவீதம் பணம் இழந்தன என்பதைத் தளத்தின் மேலேயே போட வேண்டும். எஸ்மா விதிகளைக் கொண்டுவந்தபோது இது 74 முதல் 89 சதவீதம் வரை இருந்தது. இந்த எண்ணைக் கொண்டு தரகர்களுக்கு மதிப்பெண் போட நான் தயங்குவேன். அனுபவசாலிகள் அதிகம் வரும் இடத்தில் எண் இயல்பாகவே குறையும். ஆனால் கணக்கு தொடங்கும் முன் அந்த எண்ணை நிதானமாக ஒரு முறை படியுங்கள். பத்தில் ஏழு, எட்டுப் பேர் இழந்திருக்கிறார்கள்.

தரகர்களைத் தரவரிசைப்படுத்தும் தளங்களுக்கும், யூடியூபிலும் டெலிகிராமிலும் கற்றுத் தருகிறவர்களுக்கும்கூட, வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற இதே கேள்வி பொருந்தும். பலர் ஐ.பி. எனப்படும் அறிமுகத் தரகர்கள். அவர்களுடைய இணைப்பு வழியே நீங்கள் சேர்ந்தால், நீங்கள் வாங்கி விற்கிற ஒவ்வொரு லாட்டுக்கும் அவர்களுக்குப் பணம் போகும். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் போகும். அடிக்கடி வாங்கி விற்றால் கூடுதலாகப் போகும். உங்கள் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருந்தாலும், "அண்ணா, இதுல உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டுவிடுவது நல்லது.

செலவை உங்கள் பழக்கத்தை வைத்துக் கணக்கிடுங்கள்

இங்கே வந்த பிறகுதான் ஸ்ப்ரெட். யூரோ–டாலரில் ஒரு முழு லாட் என்பது ஒரு லட்சம் யூரோ; ஒரு பிப் (0.0001) நகர்ந்தால் 10 டாலர். ஒரு கணக்கில் கமிஷன் இல்லை, ஸ்ப்ரெட் 0.8 பிப் என்று வைத்துக்கொள்வோம். வாங்கி விற்க ஆகும் செலவு 8 டாலர். இன்னொரு கணக்கில் ஸ்ப்ரெட் 0.1 பிப்தான், ஆனால் வாங்கும்போது 3.50, விற்கும்போது 3.50 டாலர் கமிஷன். அதுவும் 8 டாலர். பூஜ்யத்தை ஒட்டிய ஸ்ப்ரெட் என்ற விளம்பரத்தில் அந்த 7 டாலர் தெரிவதில்லை. அத்துடன் "குறைந்தபட்சம்" என்று போடுகிற ஸ்ப்ரெட்டால் ஒப்பிட முடியாது, சராசரியைக் கேளுங்கள்.

இதை முதலீட்டோடு பொருத்திப் பாருங்கள். 1,000 டாலர் கணக்கு, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு லாட், நாளைக்கு ஐந்து முறை, மாதத்தில் 20 நாட்கள். மொத்தம் நூறு முறை. முறைக்கு 80 சென்ட். மாதம் 80 டாலர், அதாவது முதலீட்டில் 8 சதவீதம் செலவிலேயே கரைகிறது. ஸ்ப்ரெட் 1.4 பிப் ஆனால் 14 சதவீதம். இந்தச் செலவை மாதாமாதம் ஈடுகட்டிய பிறகுதான் லாபம் என்று ஒன்று தொடங்கும். அடிக்கடி வணிகம் செய்பவர்களுக்கு அரைப் பிப் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்காகவே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

வாரக்கணக்கில் நிலையை வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு ஸ்ப்ரெட்டைவிட ஸ்வாப்தான் சுமை. இரு நாணயங்களின் வட்டி வித்தியாசத்தோடு தரகர் தன் பங்கையும் சேர்த்து ஒவ்வோர் இரவும் வசூலிப்பது அது. புதன்கிழமை இரவு மூன்று நாள் கட்டணம் ஒன்றாக விழும். முழு லாட்டுக்கு இரவுக்கு 7 டாலர் என்றால் இருபது இரவில் 140 டாலர். ஸ்ப்ரெட்டின் 8 டாலர் இதன் முன் ஒன்றுமே இல்லை. வட்டி கூடாது என்று கருதும் இஸ்லாமிய வாசகர்களுக்காக ஸ்வாப் இல்லாத கணக்குகள் உண்டு. சில நாட்களுக்குப் பிறகு நிர்வாகக் கட்டணம் என்று வேறு பெயரில் அதே தொகை வருகிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

கணக்கு பவுண்டிலும் லாபநஷ்டம் டாலரிலும் இருந்தால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் உண்டு. கணக்கைத் தொடாமல் விட்டால் செயலின்மைக் கட்டணம், பணம் எடுக்கக் கட்டணம் ஆகியவை கட்டணப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிரிட்டனில் வரியையும் சேர்த்துப் பாருங்கள்: ஸ்ப்ரெட் பெட்டிங் கணக்கில் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, சி.எஃப்.டி. எனப்படும் விலை வித்தியாச ஒப்பந்தக் கணக்கில் உண்டு, அதே சமயம் ஸ்ப்ரெட் பெட்டிங் நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது.

அதிக லிவரேஜ் ஏன் குறை

அதே 1,000 டாலரை 500 மடங்கில் முழுதாகப் பயன்படுத்தினால் கையில் 5,00,000 டாலர் நிலை. ஒரு பிப்புக்கு ஏறத்தாழ 50 டாலர். 20 பிப் எதிராகப் போனால் கணக்கு காலி. மார்ஜின் பாதியாகக் குறைந்ததும் தரகர் தானாக மூடிவிடும் விதி இருந்தால் 10 பிப்பிலேயே கதை முடிந்துவிடும். யூரோ–டாலர் ஒரு சாதாரண மதிய வேளையில் நகரும் தூரம் அது. 30 மடங்கில் அதே கணக்கு, அதே மூடும் விதி இருந்தாலும், ஏறத்தாழ 165 பிப் தாங்கும். சிறிய நிலைகளே எடுக்கும் ஒழுக்கம் உள்ளவருக்கு 500 மடங்கால் எந்த லாபமும் இல்லை. ஒழுக்கம் தவறும் நாளில் அது கணக்கையே அழிக்கும்.

பிரிட்டிஷ் தரகர் ஒருவர் உங்களை அழைத்து, தொழில்முறை வாடிக்கையாளராக மாறினால் லிவரேஜ் கூடும் என்று சொல்லலாம். காலாண்டுக்குப் பத்துப் பெரிய பரிவர்த்தனைகள், 5 லட்சம் யூரோவுக்கு மேல் நிதிச் சொத்து, நிதித்துறையில் ஓராண்டு வேலை என்ற மூன்றில் இரண்டு இருந்தால் மாறலாம். மாறிய பிறகு, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் கட்டாயம் இல்லை. தகுதி இருந்தாலும் மறுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

பெரிய பணம் போடுவதற்கு முன்

இதுவரை சொன்ன சோதனைகளில் தேறும் தரகர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் மிஞ்சுவார்கள். டெமோ கணக்கில் தளத்தின் பொத்தான்களைப் பழகலாம். ஆர்டர் நிறைவேறும் தரத்தை அதில் அளக்க முடியாது. இழந்தாலும் பாதிக்காத சிறு தொகையை ஒவ்வொருவரிடமும் போட்டு, ஒரே நேரத்தில் திரைகளைத் திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டு வேளைகள் முக்கியம். ஒன்று, அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வரும் நேரம். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி, லண்டனில் மதியம் 1.30. மற்றொன்று, நியூயார்க்கில் மாலை ஐந்து மணியாகும் நேரம். லண்டனில் இரவு 10. அந்த நிமிடங்களில் ஸ்ப்ரெட் எல்லோரிடமும் விரியும். எவ்வளவு விரிகிறது, எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதைக் குறித்து வையுங்கள். நீங்கள் கேட்ட விலையையும் கிடைத்த விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்லிப்பேஜ் எப்போதும் உங்களுக்கு எதிராகவே இருந்தால், ஒருமுறைகூட சாதகமாக வரவில்லை என்றால், அந்தத் தரகரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பிறகு பணத்தை வெளியே எடுங்கள். லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேற்கொண்டு ஒரு பைசா போடும் முன் எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள, பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அது திரும்ப வேண்டும். எடுப்பதற்கு முன் வரியைக் கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு என்று புதிதாகப் பணம் கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். போனஸ் நிபந்தனை, இத்தனை லாட் முடிக்க வேண்டும் என்று இழுத்தடித்தால் போட்ட சிறு தொகையோடு விலகிவிடுங்கள்.

கணக்கு தொடங்கிய நாளில் ஒப்பந்தம், ஆர்டர் நிறைவேற்றக் கொள்கை, கட்டணப் பட்டியல் மூன்றையும் தரவிறக்கித் தேதியிட்டு வையுங்கள்; தளத்தில் அவை சத்தமில்லாமல் மாறும். மாதாந்திர அறிக்கைகளையும் சேர்த்து வையுங்கள். தகராறு வந்தால் முதலில் தரகரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். பிரிட்டனில் இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு ஃபிட்ரெக் இருக்கிறது. இந்தியச் சந்தைத் தரகர் மீதான புகாரை செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். புகார் படிவத்தில் எந்த நிறுவனத்தின் மீது என்ற கட்டம் இருக்கும். பிராண்டின் பெயரை எழுதாதீர்கள், தொடக்கத்தில் தாளில் எழுதி வைத்த முழுப்பெயரையும் உரிம எண்ணையும் எழுதுங்கள்.